மூன்று வார அமைதி: ஓர் ஆய்வு மருத்துவமனையில் பரவிய கிளெப்சியெல்லா

பின்னணி: இடமும் கிருமியும்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெத்தெஸ்டா என்ற ஊரில், என்.ஐ.எச். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவமனை இருக்கிறது. 1953ல் தொடங்கியது. இப்போதைய உள்நோயாளிக் கட்டடம் 2005ல் திறக்கப்பட்டது. 2011ல் படுக்கைகள் சுமார் 240. அக்கம்பக்கத்துக்காரர் காய்ச்சல் என்று போய்ப் படுக்கிற ஆஸ்பத்திரி இல்லை அது. அங்கே சேரும் ஒவ்வொருவரும் ஏதாவது ஓர் ஆய்வில் பங்கேற்பவர்; அவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. அரிய நோய் உள்ளவர்கள், எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்கள், வேறிடங்களில் கைவிரிக்கப்பட்ட புற்றுநோயாளிகள் என்று வருகிறார்கள். பலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே தளர்ந்திருக்கும். நல்ல உடம்புக்காரரின் குடலில் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும் ஒரு கிருமி, இவர்களிடம் ரத்தத்தில் இறங்கிவிடும்.

2011 ஜூன் முதல் டிசம்பர் வரை அங்கே நடந்ததைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். இது பற்றி 2012ல் வெளியான ஆய்வுக் கட்டுரையிலும் நோயாளிகளின் பெயர்கள் இல்லை, எண்கள் மட்டுமே. இங்கும் அப்படியே. இந்த நிகழ்வைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. மருத்துவமனைத் தொற்று பற்றிப் பேசும்போது வழக்கமாக அசுத்தம், அலட்சியம், ஆள் பற்றாக்குறை என்று பழி போட ஓர் இடம் கிடைக்கும். இங்கே அது கிடைக்காது. வசதி இருந்தது, ஆள் இருந்தது, எச்சரிக்கை முதல் நாளே இருந்தது. ஆனாலும் ஆறு மாதத்தில் 18 பேரிடம் கிருமி போய்ச் சேர்ந்தது. அவர்களில் 11 பேர் இறந்தார்கள்.

கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா நிமோனியே. குடலில் வாழ்வது, நுரையீரல், சிறுநீர்ப்பாதை, ரத்தம் ஆகியவற்றில் தொற்றை உண்டாக்குவது. அதன் சாதாரண வகையைப் பல மருந்துகள் கொல்லும். முரண்டு பிடிக்கும் வகைகளுக்கென்று மருத்துவர்கள் கடைசி வரிசையில் வைத்திருந்தவை கார்பபெனெம் மருந்துகள்: இமிபெனெம், மெரோபெனெம் போன்றவை. பாக்டீரியா தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் நொதிகளில் போய் ஒட்டிக்கொண்டு, கட்டுமான வேலையையே நிறுத்திவிடுவதுதான் அவற்றின் வேலை. அதற்கு ஆதாரமாக இருப்பது மருந்து மூலக்கூறில் உள்ள நான்கு மூலை வளையம். அந்த வளையத்தை வெட்டிப்போடும் நொதி ஒன்று, அமெரிக்காவின் வட கரோலினாவில் 1996ல் எடுத்த ஒரு மாதிரியில் இருந்தது; 2001ல்தான் அது பற்றிக் கட்டுரை வந்தது. கேபிசி என்று அதற்குப் பெயர். அதை உண்டாக்கும் மரபணு பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் உட்கார்ந்திருப்பதால், ஒரு பாக்டீரியத்திலிருந்து இன்னொன்றுக்கு எளிதாகக் கை மாறும். சில ஆண்டுகளுக்குள் நியூயார்க் மருத்துவமனைகளில் கேபிசி பரவலாகிவிட்டது. இந்த வகை ரத்தத்தில் இறங்கினால், பாதிப் பேர் வரை பிழைப்பதில்லை.

ஜூன் 13: முதல் நோயாளி வருகிறார்

நியூயார்க் மருத்துவமனை ஒன்றிலிருந்து 43 வயதுப் பெண் ஒருவர் 2011 ஜூன் 13 அன்று என்.ஐ.எச். ஐசியூவுக்கு மாற்றப்பட்டார். நுரையீரல் மாற்று அறுவைக்குப் பின் சிக்கல்கள். அவரிடம் கேபிசி வகைக் கிளெப்சியெல்லா இருப்பது முன்கூட்டியே தெரியும். அங்கிருந்து வந்த தாள்களில் அது எழுதியிருந்தது.

முடிவும் உடனே எடுக்கப்பட்டது. தனியறை. உள்ளே போகும் யாரும் கவுன், கிளவுஸ் இல்லாமல் போகக்கூடாது. அவருக்குப் பயன்படுத்தும் கருவிகளைக் கவனமாகக் கையாள வேண்டும். வழக்கமான தனிமைப்படுத்தலைவிட ஒரு படி கூடுதலான நடைமுறை இது. ஐசியூவில் அவர் இருந்த காலமும் குறைவுதான். பெரும்பாலான நாட்கள் வார்டில், அங்கும் தனியறையில்.

கூடவே, ஐசியூவில் இருந்த மற்ற நோயாளிகளிடம் தொண்டையிலும் தொடையிடுக்கிலும் ஸ்வாப் எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார்கள். பரவியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. எல்லாம் நெகட்டிவ்.

ஜூலை 15 அன்று அவர் வீடு திரும்பினார். அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கு அன்று நிம்மதியாக இருந்திருக்கும். தெரிந்தே ஒரு பாம்பைக் கூடைக்குள் வைத்திருந்து, யாரையும் கடிக்காமல் திருப்பி அனுப்பிய நிம்மதி.

அமைதி

அடுத்த மூன்று வாரம் எந்தக் கல்ச்சரிலும் எதுவும் வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். என் பார்வையில், இந்த நிகழ்வின் மையம் இந்த மூன்று வாரம்தான். வெளிப்பார்வைக்கு இது தனிமைப்படுத்தல் வென்றதற்கான சான்று. உண்மையில் அந்த நேரத்தில் கிருமி வேறு சிலரின் உடலுக்குள் போய்விட்டிருந்தது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, எந்த அறிகுறியும் இல்லை. ஆங்காங்கே குடியேறி, எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. கிளெப்சியெல்லாவின் இயல்பான வீடு குடல். தொண்டையிலும் தொடையிடுக்கிலும் ஸ்வாப் எடுப்பது வாசலில் நின்று எட்டிப்பார்ப்பது மாதிரி. உள்ளே ஆள் இருந்தும் குரல் கேட்காமல் போகலாம். மலக்குடல் ஸ்வாப் எடுத்திருந்தால் பிடிபடும் வாய்ப்பு கூடுதல். அதை எடுக்க நோயாளிக்குக் கூச்சம், நர்ஸுக்கு வேலை. அதனால் பல மருத்துவமனைகளில் அது தள்ளிப்போகிறது. இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நினைக்க வேண்டாம்.

கல்ச்சரில் வளரவில்லை என்றால் அதற்கு இரண்டு பொருள் உண்டு: கிருமி இல்லை, அல்லது நாம் தேடிய இடத்தில், தேடிய முறைக்கு அகப்படும் அளவில் இல்லை. அறிக்கைத் தாளில் இரண்டுமே ஒரே சொல்லாகத்தான் அச்சாகும்.

ஆகஸ்ட் 5

ஆகஸ்ட் 5 அன்று வேறொரு நோயாளியின் மூச்சுக்குழாயிலிருந்து உறிஞ்சி எடுத்த சளியில் கேபிசி கிளெப்சியெல்லா வளர்ந்தது. கட்டுரையில் இவர் நோயாளி 2. முதல் நோயாளி போய் மூன்று வாரம் ஆகிவிட்டது.

இரண்டு விளக்கம் சாத்தியம். ஒன்று, இவரோ வேறு யாரோ வெளியிலிருந்து தனியாகக் கொண்டுவந்தது. இன்னொன்று, முதல் நோயாளியிடமிருந்த கிருமியே எங்கோ பதுங்கியிருந்து இவரிடம் வந்து சேர்ந்தது. எது உண்மை என்பது வெறும் ஆர்வக் கேள்வி இல்லை. முதலாவது என்றால் புதிதாகச் சேர்ப்பவர்களைச் சோதிக்க வேண்டும். இரண்டாவது என்றால் மருத்துவமனைக்குள்ளேயே கசிவு இருக்கிறது. அதைத் தேடி அடைக்க வேண்டும்.

அப்போது கைவசம் இருந்த ஒப்பீட்டு முறைகளுக்கு இந்தக் கேள்வி பெரிது. கிருமியின் டிஎன்ஏவைச் சில இடங்களில் வெட்டி, துண்டுகளின் நீளத்தை வைத்து ஒரு பட்டைப் படம் எடுத்து ஒப்பிடுவார்கள். சிக்கல் என்னவென்றால், அமெரிக்காவில் அப்போது கிடைத்த கேபிசி கிளெப்சியெல்லாக்களில் பெரும்பகுதி எஸ்டி258 என்ற ஒரே வம்சம். பட்டைப் படத்தில் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே முகம். ஒரே ஊரில் எல்லாரும் ஒரே குடும்பப் பெயரோடு இருந்தால், குடும்பப் பெயரைக் கேட்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

வாரத்துக்கு ஒருவர்

ஆகஸ்ட் முடிவதற்குள் மேலும் இருவரிடம் கிடைத்தது. பிறகு அது ஒரு தாளகதிக்கு வந்துவிட்டது: ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு புதிய பெயர். முதலில் ஐசியூ, பிறகு அதற்கு வெளியேயும். மருத்துவமனை முழுக்க ஸ்வாப் எடுக்கத் தொடங்கியதும்தான் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரிய வந்தது. எந்த அறிகுறியும் இல்லாத சிலர் கிருமியைச் சுமந்துகொண்டிருந்தார்கள். சிலருக்குச் சுமையாக மட்டும் இருந்த கிருமி, பிறகு ரத்தத்தில் இறங்கியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கிருமி உள்ள எல்லோரையும் ஒரே பகுதிக்கு மாற்றினார்கள். அதற்காக ஐசியூவுக்குள் ஒரு சுவரே எழுப்பப்பட்டது. அந்தப் பக்கம் வேலை செய்யும் நர்ஸ்கள் இந்தப் பக்கம் வரமாட்டார்கள், கருவிகளும் அப்படியே. இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. 2006ல் இஸ்ரேல் மருத்துவமனைகளில் இதே வம்சம் நாடு முழுக்கப் பரவியபோது, 2007ல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் நோயாளிகளைத் தனியாகப் பிரித்து, தனி நர்ஸ்களை ஒதுக்கச் சொல்லிக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு எண்ணிக்கை இறங்கியது. கவுனும் கிளவுஸும் மாட்டிக்கொண்டு எல்லா நோயாளிகளிடமும் ஒரே ஆள் போவதைவிட, ஆளையே பிரிப்பது வலுவானது. ஒரு நாளைக்கு நூறு தடவை கை கழுவ வேண்டிய ஒருவர் தொண்ணூற்றெட்டு தடவை கழுவினால் அவர் மிகவும் கவனமானவர். கிருமிக்கு மீதி இரண்டு போதும்.

கை கழுவுகிறார்களா, கவுன் சரியாகப் போடுகிறார்களா என்று பார்ப்பதற்கென்றே ஆட்களை நியமித்தார்கள். அவர்களுக்கு வேறு வேலை கிடையாது. யார் உள்ளே போனாலும், மூத்த மருத்துவராக இருந்தாலும், தடுத்து நிறுத்திச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. படிநிலை இறுக்கமாக உள்ள எந்த மருத்துவமனையிலும் இது சுவர் கட்டுவதைவிடக் கடினம். பேராசிரியரின் கையைப் பார்த்து "சார், கழுவிட்டு வாங்க" என்று ஒரு பயிற்சி நர்ஸ் சொல்வதை நினைத்துப் பார்த்தால் போதும்.

அறைகளைப் பிளீச்சால் இருமுறை துடைத்தார்கள். பிறகு அறையை மூடி அடைத்து, இயந்திரத்தின் மூலம் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியை நிரப்பிச் சுத்தப்படுத்தினார்கள். துணி எட்டாத சந்து பொந்துகளுக்கு ஆவி போகும் என்பது கணக்கு.

மருந்துப் பெட்டியில் இருந்தவை

சிகிச்சைத் தரப்பில் கையிருப்பு மிகக் குறைவு. கார்பபெனெம் வேலை செய்யாதபோது மிஞ்சியவை டைஜிசைக்ளின், கொலிஸ்டின், சில அமினோகிளைக்கோசைடுகள். கொலிஸ்டின் 1950களின் மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் ஒதுக்கி வைத்திருந்ததை, வேறு வழியில்லாமல் மறுபடி எடுத்தார்கள். பரவல் நடந்துகொண்டிருக்கும்போதே சில மாதிரிகளில் கொலிஸ்டினுக்கும் எதிர்ப்பு வந்துவிட்டது. இது எதிர்பாராதது இல்லை. ஒரே ஒரு மருந்தை நம்பி, கிருமி நிறைந்த உடலில் நாள்கணக்காகக் கொடுக்கும்போது, தப்பிப் பிழைக்கும் பிறழ்வுகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஆனால் அன்றைக்கு மாற்று என்று கொடுக்க வேறு எதுவும் இல்லை என்பதால், இந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அனுமதி பெறாத, சோதனை நிலையில் இருந்த ஒரு மருந்தையும் வரவழைத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை.

எழுத்துப் பிழைகளைப் படித்தது

இதே வளாகத்தில்தான் தேசிய மனித ஜீனோம் ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. ஜூலி செக்ரி, இவான் ஸ்னிட்கின் ஆகியோரின் குழு மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருந்த டாரா பால்மோர், டேவிட் ஹெண்டர்சன் ஆகியோருடன் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தது: கிடைக்கும் ஒவ்வொரு நோயாளியின் கிருமியையும் முழு ஜீனோமாக, அதாவது அதன் டிஎன்ஏ முழுவதையும் எழுத்து எழுத்தாக, படித்துவிடுவது. அதுவும் எல்லாம் முடிந்த பிறகு அல்ல, பரவிக்கொண்டிருக்கும்போதே.

கிளெப்சியெல்லாவின் ஜீனோம் சுமார் 60 லட்சம் எழுத்துகள். ஒவ்வொரு முறை பிரியும்போதும் நகல் எடுப்பதில் எப்போதாவது ஓர் எழுத்து மாறும். அந்த மாற்றம் அதற்குப் பிறகு வரும் எல்லாப் பிரதிகளிலும் தொடரும். பழைய ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் செய்ததும் இதுவே: இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தவை. இங்கே ஏட்டுக்குப் பதில் கிருமி. 18 பேரின் கிருமிகளையும் சேர்த்துப் பார்த்தபோது மொத்த வேறுபாடே சில பத்து எழுத்துகள்தான். ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு. அந்த ஒன்றிரண்டு போதுமானதாக இருந்தது.

முதல் கேள்விக்கு விடை தெளிவாக வந்தது. எல்லாம் ஜூன் 13 அன்று வந்தவரிடமிருந்தே தொடங்கியது. தனித்தனியாக வெளியிலிருந்து வரவில்லை.

அடுத்து வந்தது இன்னும் சங்கடமான செய்தி. முதல் நோயாளியிடம் உடலின் வெவ்வேறு இடங்களில் எடுத்த மாதிரிகளுக்கு இடையிலேயே சிறு வேறுபாடுகள் இருந்தன. தொண்டையில் வாழ்ந்த கூட்டமும் நுரையீரலில் வாழ்ந்த கூட்டமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்ல. மற்றவர்களின் கிருமிகளைப் பொருத்திப் பார்த்தால், அவை முதல் நோயாளியிடம் ஒரே இடத்தில் போய்ச் சேரவில்லை. அதாவது அவரிடமிருந்து கிருமி ஒரு தடவை மட்டும் தப்பிக்கவில்லை. குறைந்தது மூன்று தடவை, தனித்தனியாகத் தப்பியிருக்கிறது. ஒரு தடவை என்றால் தற்செயல், யாரோ ஒருவரின் ஒரு நிமிடக் கவனப்பிசகு என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று தடவை என்றால், பின்பற்றிய நடைமுறையிலேயே இந்தக் கிருமிக்கு இடைவெளி இருந்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாவதாக, கண்டுபிடித்த வரிசையும் தொற்றிய வரிசையும் வேறு. கல்ச்சரில் முன்னால் அகப்பட்டவர் பின்னால் தொற்றியவராக இருந்தார். பிந்தி அகப்பட்டவர் வாரக்கணக்கில் மௌனமாகச் சுமந்து, இடையில் மற்றவருக்குக் கொடுத்திருந்தார். எந்த நாளில் யார் எந்த வார்டில் படுத்திருந்தார் என்ற பதிவையும் எழுத்து வேறுபாடுகளையும் சேர்த்து வைத்துத்தான் இந்த வரைபடத்தைத் தயாரித்தார்கள். ஜீனோம் மட்டும் இருந்திருந்தால் இதில் பாதிகூடத் தெரிந்திருக்காது. படுக்கைப் பதிவேடு எவ்வளவு முக்கியம் என்பதை ஆய்வுக்கூடக்காரர்கள் பல நேரம் மறந்துவிடுகிறோம்.

ஆனால் இதற்கும் எல்லை இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்பதை ஜீனோம் சொன்னது. எதன் வழியாக என்பதைச் சொல்லவில்லை. கையா, ஸ்டெதஸ்கோப்பா, கட்டில் விளிம்பா? பெரும்பாலான தாவல்களுக்கு விடை கிடைக்கவில்லை.

வென்டிலேட்டரும் தொட்டியும்

விதிவிலக்காகச் சில தடயங்கள் கிடைத்தன. கிருமி உள்ள ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திய வென்டிலேட்டரைச் சுத்தம் செய்துவிட்டு ஸ்வாப் எடுத்துப் பார்த்தார்கள். அதில் கிளெப்சியெல்லா வளர்ந்தது. படித்துப் பார்த்தால், அந்தப் பரவலின் அதே கிருமி. சுத்தம் செய்து முடித்ததாகக் கையெழுத்தாகிவிட்ட ஒரு கருவி.

இன்னொன்று, கை கழுவும் தொட்டிகளின் வடிகால் குழாய்கள். நோயாளி அறைகளில் சில வடிகால்களில் அதே கிருமி இருந்தது. கை கழுவச் சொல்லி ஆள் போட்டுக் கண்காணித்த அதே தொட்டிகள். வடிகாலின் உள்சுவரில் நுண்ணுயிர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு வழுவழுப்பான படலமாகப் படிந்துவிட்டால், பிளீச் மேற்பரப்பை மட்டும் தொட்டுவிட்டுப் போகும். தண்ணீர் வேகமாக விழும்போது வடிகாலில் பட்டுத் தெறிக்கும் துளிகள் போதும், அவற்றை வெளியே கொண்டுவர. நோயாளிகளிடமிருந்து தொட்டிக்குப் போயிற்றா, தொட்டியிலிருந்து நோயாளிகளுக்கு வந்ததா என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் காத்திருக்கவில்லை, குழாய் அமைப்பைக் கழற்றி மாற்றினார்கள். சான்று முழுமையடையும் வரை பொறுத்திருக்க முடியாத முடிவுகளில் இதுவும் ஒன்று. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

டிசம்பரும் அதன் பிறகும்

டிசம்பர் நடுவில், கிருமி புதிதாக ஒருவரிடம் கிடைப்பது நின்றது. மொத்தம் 18 பேர், முதல் நோயாளியையும் சேர்த்து. அவர்களில் 11 பேர் இறந்தார்கள். ஆறு பேரின் மரணத்துக்கு இந்தக் கிருமிதான் காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். மற்ற ஐவர் தங்களுக்கு ஏற்கெனவே இருந்த நோயால் இறந்தவர்கள். இந்தப் பிரிவினை மருத்துவ ரீதியில் தேவையானது. ஆனால் அதன் கோடு அவ்வளவு கூர்மையானது இல்லை என்பதை ஐசியூவில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள்.

சுவர், தனி நர்ஸ்கள், கண்காணிப்பாளர்கள், ஆவி, குழாய் மாற்றம், பரவலான ஸ்வாப் ஆகிய எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தன. எது நிறுத்தியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தீப்பிடித்த வீட்டில் எந்த வாளித் தண்ணீர் அணைத்தது என்று யாரும் குறித்து வைப்பதில்லை.

முழுக்க முடியவும் இல்லை. 2012 கோடையில், எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பின் சிக்கலோடு அங்கே சிகிச்சை பெற்றுவந்த சிறுவன் ஒருவனிடம் இதே கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. செப்டம்பரில் அவன் இறந்தான். அவன் இறந்தபோது ஆய்வுக் கட்டுரை வெளியாகி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

வெளியே தெரிந்தது எப்போது

கட்டுரை 2012 ஆகஸ்ட் 22 அன்று வெளியானது. பொதுமக்களுக்கு இந்தப் பரவல் தெரிய வந்ததும் அன்றுதான். முதல் நோயாளி வந்து 14 மாதம் கழித்து. அறிவியல் உலகம் பாராட்டியது. மருத்துவமனைப் பரவலொன்றை முழு ஜீனோம் கொண்டு இவ்வளவு நுட்பமாகத் துரத்தியது அப்போது புதிது. செய்தித்தாள்கள் வேறு கேள்வி கேட்டன: ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை?

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மாதங்களில் அந்த மருத்துவமனையில் சேரலாமா வேண்டாமா என்று யோசித்த ஒருவருக்கு இந்தச் செய்தி தேவைப்பட்டிருக்கும். தடத்தை இவ்வளவு நேர்மையாக வெளியிட்டவர்கள் அதைக் கொஞ்சம் முன்னதாகச் சொல்லியிருக்கலாம். அதே நேரம், இப்படிச் சொல்லாமலே விட்டுவிடும் மருத்துவமனைகள் எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

கட்டுரை வெளியாகி இரண்டு நாள் கழித்து, 2012 ஆகஸ்ட் 24 அன்று, சென்னையில் இந்திய மருத்துவச் சங்கங்கள் பல கூடி நுண்ணுயிர் எதிர்ப்பைச் சமாளிக்க ஒரு செயல்திட்டம் வகுத்தன. பின்னர் அது சென்னைப் பிரகடனம் என்று அறியப்பட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நாள்காட்டி செய்த வேலை. ஆனால் அங்கே பேசப்பட்டதும் இதே கவலைதான். ஒரு வேறுபாடு முக்கியம்: இந்திய மருத்துவமனைகளில் பெரும்பாலும் காணப்படுவது கேபிசி இல்லை, கார்பபெனெம்களை வெட்டும் வேறு நொதிகளான என்டிஎம்மும் ஓக்ஸா-48 வகையும். நொதி வேறு, அதற்கான மருந்தும் வேறு.

இன்று நடந்தால் எது மாறும்

மருந்துப் பெட்டி மாறியிருக்கிறது. கேபிசி நொதியைத் தடுக்கும் அவிபாக்டம், செஃப்டாசிடிம் மருந்தோடு சேர்த்து 2015ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2011ல் கொலிஸ்டின் போன்றவற்றை நம்பியிருந்த இடத்தில் இன்று இது முதலில் வரும். என்டிஎம்மிடம் அந்தக் கூட்டு மட்டும் பலிக்காது. அது துத்தநாகத்தைக் கொண்டு வேலை செய்யும் வேறு இன நொதி என்பதால், அஸ்ட்ரியோனாம் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அமெரிக்க அனுபவத்தின் இந்தப் பகுதியை அப்படியே நம் வார்டுக்குக் கொண்டுவர முடியாது.

ஸ்வாப் எடுக்கும் இடம் மாறும். கேபிசி உள்ளவர் ஒருவர் ஒரு வார்டில் இருந்தார் என்றால், அவரோடு அந்த நாட்களில் அங்கே இருந்த எல்லோரிடமும் மலக்குடல் ஸ்வாப், அதுவும் ஒரு தடவை மட்டும் இல்லாமல் சில வாரம் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப. அவர் வீட்டுக்குப் போன பிறகும் இது தொடர வேண்டும். 2011 ஜூலை 15 அன்று செய்யத் தவறியது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். அன்றைய அறிவுக்கு அது தவறு இல்லை என்பதையும் சேர்த்து.

ஜீனோம் படிப்பதன் செலவும் நேரமும் இறங்கிவிட்டன. அன்று ஒரு பெரிய ஆய்வு நிறுவனம் பக்கத்திலேயே இருந்ததால் சாத்தியமானதை, இன்று நடுத்தர ஆய்வுக்கூடம் ஒன்று சில நாளில் செய்துவிடும். ஆனால் அதற்கு முதலில் கிருமி கையில் இருக்க வேண்டும். கல்ச்சர் அறிக்கை போனதும் கிருமி வளர்ந்த தட்டைக் குப்பையில் போடுவதே பெரும்பாலான இடங்களில் வழக்கம். வளர்ந்ததில் கொஞ்சம் எடுத்துக் கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வைப்பதற்குச் சில நிமிடம்தான் ஆகும்.

அதே என்.ஐ.எச். மருத்துவமனையில் 2016ல் ஸ்பிங்கோமோனாஸ் கொரியென்சிஸ் என்ற அரிதான பாக்டீரியா சிலரிடம் தொற்றியபோது, இந்தப் பழக்கம் கைகொடுத்தது. உறைபெட்டியில் இருந்த பழைய மாதிரிகளை எடுத்துப் படித்தார்கள். 2006 வரை பின்னால் போக முடிந்தது. தடம் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்களில் போய் நின்றது. கட்டடம் திறந்த காலத்திலிருந்தே அந்தக் கிருமி அங்கே குடியிருந்திருக்கிறது என்று 2018ல் எழுதினார்கள். இந்த முறை சுவர் கட்டவில்லை. சுடுநீரின் வெப்பத்தையும் தண்ணீரில் குளோரினையும் கூட்டினார்கள்.